பொலோனியாவில் நான் சாப்பிடாமல் எழும்பிய வீடு

போன வருடம் சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இத்தாலியில் பொலோனியா என்கிற பழைய நகரம். காலையில் போய் இரவு திரும்பிவிட்டேன். அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் என்னை ஏசுகிற ஆட்கள் பாரிசில் இருக்கிறார்கள். ஏசட்டும். அவர்கள் சொல்லுகிற கதை ஒரு மாதிரிப் போகிறது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங்கில் உள்ள ஒரு விமான டிக்கெட் கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கொழும்பு, சென்னை, ரொறன்ரோ, லண்டன் என்று எங்கள் ஆட்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. எங்கள் ஆட்கள் சும்மா பயணம் போகமாட்டார்கள். கலியாணம், செத்தவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். போகிற இடத்தில் சொந்தக்காரர் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இறங்கி, அவர்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவர்கள் காரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் அதற்குப் பெயர் பயணம். நானும் அப்படித்தான் நாலைந்து நாடு போயிருக்கிறேன். எந்த நாட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், யாருடைய வீட்டுக் குசினி எவ்வளவு பெரிது என்று சொல்வேன்.

கடையில் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் பொலோனியாவின் படம் ஒன்று தொங்குகிறது. நகர வாசலிலிருந்து மலை உச்சியில் உள்ள தேவாலயம் வரைக்கும், தூண்களும் வளைவுகளும் வைத்துக் கூரை போட்ட ஒரு நடைபாதை. அறுநூற்றுச் சொச்சம் வளைவுகள் என்று அடியில் எழுதியிருக்கும். மழையோ வெயிலோ, ஆள் நனையாமல் காயாமல் நடந்தே மலை ஏறலாம். வேலையில்லாத நேரங்களில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கணவர் இருந்த காலத்தில், “ஒருக்கா போவம்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். “அங்கை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் போய் ஆறு வருடமாகிறது.

போன வருடம் டாக்டர் என் வலது முழங்காலைப் பார்த்துவிட்டு, இலையுதிர் காலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தாக வேண்டும் என்றார். பிறகு எவ்வளவு நடப்பேன், எப்படி நடப்பேன் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன். சொந்தக் காலில், தனியாக, அந்த வளைவுகளுக்குள்ளால் மேலே வரைக்கும் நடப்பது. அதற்கு ஒரு நாள் போதும். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரை நானே அடித்து ஒரு டிக்கெட் எடுத்தேன். லீவு கேட்டபோது கடை முதலாளி செத்தவீட்டுக்குத்தான் என்று நினைத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “ஆரக்கா மோசம் போனது?” என்று கேட்டார்.

அண்ணைக்குச் சொல்லாமல் போயிருக்கலாம். சொன்னேன், அதுதான் பிழை. அண்ணை பாரிசுக்குப் பக்கத்தில், பியர்ஃபித்தில் இருக்கிறார். கணவர் போன நாளிலிருந்து நான் அவருடைய பொறுப்பு என்று அவராகவே எடுத்துக்கொண்டார். விசா அலுவலாகப் பொபினிப் பிரிபெக்சருக்குப் போனால் பின்னால் வருவார், வரிப் படிவத்தை அவர்தான் நிரப்புவார், டாக்டரிடம் எனக்கு என்ன வருத்தம் என்று அவர்தான் சொல்வார். நானும் விட்டுவிட்டேன், அவரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். பொலோனியாவுக்குத் தனியே போகிறேன் என்றதும் குதிப்பார் என்று நினைத்தேன். “சரி, கவனமாப் போட்டு வா” என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்குப் பொலோனியா விமான நிலையத்தில் கதவு திறந்து வெளியே வருகிறேன், என் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிற்கிறார். மருமகளின், அதாவது அண்ணையின் மகளின், கலியாணத்தில் சிவப்புச் சேலையோடு எடுத்த படம்.

“அக்கா, பாரிசால வாறியள் தானே? அண்ணை எல்லாம் சொன்னவர். வாங்கோ, கார் வெளியில நிக்குது.”

அண்ணையோடு முன்பு ஒரே அறையில் இருந்த சிநேகிதனின் மச்சானாம். ஐரோப்பாவில் எந்த மூலையென்றாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஆள் பிடித்துவிடலாம். அந்த மனிதர் எனக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் தனியே போகத்தான் வந்தேன் என்று எப்படி முகத்துக்கு நேரே சொல்வது? ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று காரில் ஏறினேன்.

வீடு நகரத்துக்கு வெளியே, கார் ஓட்டத்தில் அரை மணி நேரம். கதவைத் திறந்ததும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் கலந்த வாசம். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சமையல். அவருடைய மனைவி விடிய ஐந்து மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டியிருக்கிறார். உழுந்து அரைத்து வைத்திருந்தது, பாயசத்துக்குச் சவ்வரிசி ஊறிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி வந்தது. பிறகு பலகாரம். அண்ணைக்கு வீடியோ கோல் எடுத்து, “ஆள் பத்திரமா வந்து சேந்திட்டா” என்று என் முகத்தைக் காட்டினார்கள். அண்ணையின் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு தங்கள் மகளின் சாமத்தியவீட்டு வீடியோவைப் பெரிய டிவியில் போட்டார்கள். ஹெலிகொப்டரில் பிள்ளையை இறக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை, மற்றதெல்லாம் இருந்தது. சுவர் மணிக்கூட்டில் பதினொன்றரை. அந்த வீட்டு யன்னலால் பார்த்தால் தூரத்தில், மலை மேல், தேவாலயத்தின் கூரை தெரிந்தது. மத்தியானச் சாப்பாடு ஒன்றரைக்குத்தான் ஆகும் என்று குசினியிலிருந்து குரல் வந்தது. சாப்பிட்ட கையோடு கொஞ்சம் படுங்கள், பின்னேரம் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு குடும்பம் உங்களைப் பார்க்க வருகிறது, பிறகு காரில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு விமானத்துக்கு விடுகிறேன் என்றார் அவர். என் ஒரு நாள் என் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு என் சின்னம்மாவின் மகள் ஞாபகம் வந்தாள். கனடாவிலிருந்து இரண்டு நாளைக்குப் பாரிசுக்கு வந்தவள். ஈபிள் கோபுரத்தின் அடியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நான் அவளை விடவில்லை. ஆட்டிறைச்சி, றால், கணவாய் என்று போட்டுப் போட்டு இருத்தி வைத்துவிட்டு, போகிற வழியில் கார்க் கண்ணாடிக்குள்ளால் கோபுரத்தைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பாள் என்பது பதினொரு வருடம் கழித்து, அந்தச் சோபாவில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

“குறை நினைக்காதேங்கோ. நான் சாப்பிட நிண்டா எனக்கு நாள் போயிடும். இப்ப வெளிக்கிடுறன்.”

“அக்கா பகிடி விடுறா” என்று சிரித்தார் அவர்.

“பகிடி இல்லைத் தம்பி. நான் அந்த மலைக்கு நடக்கத்தான் வந்தனான்.”

“பின்னேரம் நான் கொண்டுபோறன் அக்கா. மேல வரைக்கும் கார் போகும். நீங்கள் இந்தக் காலோட நடக்கத் தேவையில்லை.”

“எனக்கு நடக்கத்தான் வேணும்.”

என் கால் விஷயம் வரைக்கும் அண்ணை சொல்லி வைத்திருக்கிறார். அந்தத் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணைக்குப் போன் போட்டு என் கையில் தந்தார்.

“பிள்ளை, என்ன விளையாட்டு இது? அந்தாள் லீவு போட்டிட்டு நிக்குது. சமைச்ச சோத்தை வேண்டாமெண்டு எழும்புறது ஆக்கள் செய்யிற வேலையோ? இருந்து சாப்பிட்டிட்டு வா. என்ர மானத்தை வாங்காதை.”

“அண்ணை, நான் உங்களை ஆள் ஒழுங்கு செய்யச் சொல்லிக் கேட்டனானோ?”

“தனிய நிண்டு உனக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?”

“நான்தான் சொல்லுறது. ஐம்பத்திரண்டு வயசுக்காரிக்கு வேற ஆர் வந்து சொல்லப்போகினம்?”

அண்ணையிடம் நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.  சொல்லி முடித்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த வீட்டுப் பெண் குசினி வாசலில் நின்றார். கையில் வடைமா ஒட்டியிருந்தது. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை.

“எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிடாமப் போனதில்லை அக்கா” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக விடியற்காலையில் எழும்பியவர். ஒரு பிடி சாப்பிட்டிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்கள் வீடுகளில் ஒரு பிடி என்பது எப்போது ஒரு பிடியோடு நின்றிருக்கிறது? அவருடைய கையைப் பிடித்து, மன்னிக்கச் சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அந்தத் தம்பி வழியனுப்ப வரவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். எந்த பஸ் என்று தெரியாது. பாஷை தெரியாது. பிரெஞ்சில் கேட்டேன், இத்தாலியனில் பதில் வந்தது, கையைக் காலைக் காட்டி ஒருவாறு நகர வாசலில் போய் இறங்கினேன். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணை, அண்ணி, மருமகள், தெரியாத இலக்கம் ஒன்று. நிறுத்திப் பைக்குள் போட்டேன். நான் எங்கே நிற்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இருபத்தாறு வயதில் பாரிசுக்கு வந்ததற்குப் பிறகு அப்படி ஒரு நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. பயமாகவும் இருந்தது, தலைகால் புரியாத சந்தோஷமாகவும் இருந்தது.

நடந்தேன். முதல் பாதி சமதரை, பக்கத்தில் வீடுகளும் கடைகளும் வந்தன. சுவர்கள் மஞ்சளும் காவியுமாக இருந்தன. ஒரு பெரிய வளைவு தெருவைக் கடந்து போகிற இடத்திலிருந்து ஏற்றம் தொடங்கியது. முழங்கால் சுள்ளென்று குத்தியது. ஓடிப் பழகுகிற இளம் ஆட்கள் என்னைத் தாண்டி மேலே போய், திரும்பிக் கீழே வந்து, மறுபடியும் மேலே போனார்கள். நான் இருபது வளைவுக்கு ஒரு தடவை நின்றேன். பிறகு பத்து வளைவுக்கு ஒரு தடவை. பசி வேறு. வடை பாயசத்தோடு விருந்துச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தவள், வாசலருகே வாங்கிய வெறும் பாண் துண்டையும் பாற்கட்டியையும் வழியில் ஒரு கல் வாங்கில் குந்தியிருந்து கடித்தேன். அந்த வடையை நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

ஓரிடத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண் என்னைப் பார்த்து நின்று, என் காலைக் காட்டி, கீழே தெருவைக் காட்டி, ஏதோ வாகனத்தில் ஏறச் சொல்லுகிற மாதிரிக் கையை ஆட்டினார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு மேலே கையைக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிற ஒரு ஆள்.

உச்சிக்கு வந்தபோது மணி இரண்டு. தேவாலயம் பூட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரமாம், இரண்டரைக்குத்தான் திறப்பார்களாம். படியில் இருந்து தனியே சிரித்தேன். அங்கிருந்து பார்த்தால் முழு நகரமும் சிவப்புக் கூரைகளாகக் கீழே கிடந்தது. பிறகு அழுகை வந்தது. கணவரை நினைத்து, அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்து, என் காலை நினைத்து, எல்லாம் சேர்ந்து. யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. ஆசை தீர அழுதுவிட்டு, கதவு திறந்ததும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இறங்கும்போதும் நடந்தே இறங்கினேன்.

பாரிசில் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சோற்றை எத்திவிட்டு எழும்பினேன் என்று கூட ஒரு கதை லாச்சப்பலில் ஓடியது. அண்ணை நாலு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த நாலு மாதத்தில் வரிப் படிவத்தை நானே நிரப்பினேன், பிரிபெக்சருக்கு நானே போனேன், டாக்டரிடம் என் வருத்தத்தை என் வாயால் சொன்னேன். சத்திரசிகிச்சை நாளன்று அண்ணை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, “உன்னை ஆர் அண்டைக்குத் தனிய விட்டது?” என்று தொடங்கினார்.

“நான்தான் விட்டனான் அண்ணை” என்றேன்.

பொலோனியாவுக்குப் போன் எடுக்க எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். அந்தப் பெண்தான் பேசினார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். “அந்தச் சமையலை மூண்டு நாள் வைச்சுச் சாப்பிட்டம் அக்கா” என்றார். குரலில் கோபம் அப்படியே இருந்தது, நியாயமான கோபம். நான் போனை வைக்கப் போன நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அக்கா, அந்த மலைக்குச் சாதாரணச் செருப்போட ஏறலாமோ? இல்லாட்டிச் சப்பாத்துத்தான் போடோணுமோ?”

சப்பாத்துத்தான் நல்லது என்றேன். அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன், அது அவருடைய நாள். அவர் சமைத்த அந்தச் சோற்றை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு குறுகுறுக்கிறது. ஆனால் அதே சோபாவில் இன்னொரு தடவை என்னை இருத்தினாலும், மணி பதினொன்றரைக்கு நான் எழும்பித்தான் போவேன்.