மூன்றாம் பெட்டியின் யாப்பு

ஆறுமுகநாதன் சண்டை பிடிக்கிற ஆள் அல்ல. சண்டை நடக்கிற இடத்துக்குச் சட்டம் எழுதிக்கொண்டு போகிற ஆள். மாத்தளையில் குடியிருந்து கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். ரயிலை நாங்கள் கோச்சி என்போம்; காலைக் கோச்சியின் மூன்றாம் பெட்டியில் அவரோடு போய் வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெட்டியை ஒரு நாடாக்கியவர் அவர்தான்.

எல்லாம் லேஞ்சி என்கிற கைக்குட்டையால் வந்தது. கோச்சி மாத்தளையிலிருந்துதான் புறப்படும். முதலில் வருகிறவர் ஜன்னல் வழியாகக் கைலேஞ்சியைப் போட்டு, பிந்தி வருகிற கூட்டாளிக்கு இடம் பிடிப்பார். ஒருநாள் ஒரே ஆசனத்தில் மூன்று லேஞ்சிகள் கிடந்தன. கண்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் நுஹ்மான் மூன்றையும் அள்ளி வெளியே வீசிவிட்டு, தான் உட்கார்ந்துகொண்டார். உக்குவளை ஸ்டேஷன் வரை ஒரே ரகளை.

சங்கம் அமைப்பதென்று முடிவானது. சங்கமென்றால் அரசியலமைப்பு மாதிரி ஒரு யாப்பு வேண்டுமே! ஆறுமுகநாதனுக்குக் கொண்டாட்டம். நாட்டின் வரலாறு முழுவதையும் எங்கள் தலையில் இறக்கினார். வெள்ளைக்காரன் விட்டுப்போன யாப்பு, எழுபத்திரண்டில் நாமே செய்துகொண்டது, எழுபத்தெட்டில் அதிகாரத்தையெல்லாம் ஜனாதிபதியிடம் தூக்கிக் கொடுத்தது, பிறகு அதற்கு இருபதுக்கு மேல் திருத்தங்கள். நான் பாதியில் தூங்கிப்போனேன்.

நுஹ்மானுக்குப் பலமான தலைவர் வேண்டும். "ஒரு ஆள் சொன்னா மத்தவங்க கேக்கணும் சேர். இல்லாட்டி வேல நடக்காது."

"அந்த ஒரு ஆள் யாரு?" என்றார் ஆறுமுகநாதன்.

"நான்தான். வேற யாரு இருக்கா?"

பெட்டியே சிரித்தது. கடைசியில் தலைவர் பதவி மாதத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும் என்று எழுதினார். சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் முரண்பட்டால் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். நின்றுகொண்டு பேசக் கூடாது. வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட்காரர் மட்டுமே அங்கத்தவர். தனியொரு ஆளுக்காக யாப்பைத் திருத்தவே கூடாது. "நாட்டுல பாத்தது போதும்" என்று இந்தக் கடைசி உறுப்புரையில் மட்டும் பிடிவாதமாக நின்றார். வத்தேகம வருவதற்குள் கைதூக்கி நிறைவேற்றினோம்.

யாப்பு நன்றாகத்தான் ஓடியது, அவருக்கு அறுபது வயதாகும்வரை. ஓய்வு பெற்றால் அவர் அங்கத்தவர் இல்லை. வேலையில்லாத மனிதனுக்குக் கண்டியில் என்ன அலுவல் என்று கேட்காதீர்கள். வடக்கிலிருந்து வந்த மனிதர். அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தார்கள். அவர் மனைவி வாகினி என்னிடம் நேரடியாகவே சொன்னார். "இனி இவர் யாரோட பேசுவார் தம்பி? நாள் முழுக்க என்னோட பேசினா நான் ஓடிப்போயிருவேன்."

அவருடைய கடைசி வெள்ளிக்கிழமை, வங்கியில் வேலை செய்யும் ஸில்மியா எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ஆறுமுகநாதன் சேர் ஆயுள் அங்கத்தவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் கை மட்டும் உயரவில்லை.

"முடியாது பிள்ள. தனி ஆளுக்காகத் திருத்த ஏலாது." அந்த உறுப்புரையை எழுதிய கையை அவரே திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸில்மியா விடவில்லை. "அப்ப ஓய்வு பெறுற எல்லாருக்கும் சேத்து மாத்துவோம் சேர்."

அவர் முகம் மலர்ந்தது, உடனே இறுகியது. "அது சரி. ஆனா லாபம் எனக்குத்தானே. நான் இருக்கிற இடத்துல வோட் எடுக்கக் கூடாது."

திங்கட்கிழமை அவர் இல்லாமல் கோச்சி புறப்பட்டது. அவருடைய ஜன்னலோரத்தில் யாருக்கும் உட்கார மனம் வரவில்லை. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. உடனே போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன்.

"எதிர்த்து யாரும் பேசலையா?" என்றார்.

"ஒருத்தரும் இல்ல சேர்!"

"அப்ப விவாதமே நடக்கல்ல. விவாதமில்லாம பாஸாகிறது ஒரு சட்டமா? எனக்கு அப்படி வேணாம் தம்பி." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

நுஹ்மான் போனைப் பறித்தார்.

"நான் எதிர்க்கிறேன் சேர்! ஓய்வு பெற்ற ஆளுக்கு ஜன்னல் சீட் எதுக்கு? வீட்டுல கிடக்கட்டும்! பதில் சொல்லணும்னா நாளைக்குக் காலைல கோச்சிக்கு வாங்க!"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுவது நின்றது.

"வாறேன்" என்றார் ஆறுமுகநாதன். "உங்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கு."