தேசிக் கொப்பில் ரோசாப் பொருக்கு

பட்டுப்போன மரக்கொப்பில் முளைப்பவை எல்லாம் பாவமறியாதவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்குப் பங்கசு, அதாவது பூஞ்சை, பரீட்சைக்கு வருகிற ஒரு பாடம். செத்ததைத் தின்று மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் நல்ல சீவன் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

அந்த மாரியில் தர்மபுரத்திலிருந்து அக்கா போன் கோல் எடுத்தார்.

"எடி, தேசியிலை ஆரோ பெயின்ற் அடிச்ச மாதிரிக் கிடக்கு. கொப்பும் வாடுது. வந்து பாரன்."

தேசி என்றால் எலுமிச்சைதான், ஆனால் அக்காவுக்கு அது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். போர் முடிந்து, முகாமிலிருந்து அக்கா தன் காணிக்குத் திரும்பியபோது அத்தான் இல்லை. காணியில் ஒரு தடியும் இல்லை. பிறகு வந்ததெல்லாம் யாரோ தந்தவை. தகரம் தந்தார்கள், மண்வெட்டி தந்தார்கள், கோழிக்குஞ்சு தந்தார்கள், கடைசியில் வீடும் தந்தார்கள். தந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். தேசி மட்டும் யாரும் தந்ததில்லை. விதை போட்டு, கன்றாக்கி, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எட்டிப் பார்க்காத அந்த மேட்டுக் காணியில் குடம் குடமாக ஊற்றி அவரே வளர்த்தார். கிளிநொச்சிச் சந்தை வியாபாரி வீட்டுக்கே வந்து காய் எடுக்கிற அளவுக்குத் தோட்டம் வளர்ந்தது. அக்காவின் சோறு அந்தத் தேசிதான். பேச்சுத்துணையும் அதுதான். அது போனால் அக்காவிடம் மிஞ்சுவது தந்த சாமான்கள் மட்டும்.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முதல் மரத்திலேயே ஒரு கொப்பு, இலை காய்ந்தும் உதிராமல், தொங்கிக்கொண்டு நின்றது. கொப்பின் அடிப்பக்கம், வெயில் படாத இடத்தில், ரோசா நிறத்தில் ஒரு பொருக்கு. காளானுக்குரிய குடையும் இல்லை, காம்பும் இல்லை. உருப்பெருக்கிக் காட்டும் கைவில்லையை வைத்துப் பார்த்தால் மடிப்பும் இல்லை, துளையும் இல்லை. பட்டையோடு ஒட்டிய வழுவழுப்பான பூச்சு. ஓரத்தில் மட்டும் சிலந்தி வலைபோல வெள்ளை இழை.

எனக்குச் சந்தோசம் வந்தது. அதைச் சொல்லாமல் விடமுடியாது. புத்தகத்தில் மட்டுமே பார்த்த பொருக்குப் பங்கசு ஒன்று கண்முன்னே நிற்கிறது என்று, வாடிய மரத்துக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டினேன்.

"சிரிக்கிறாய். அப்ப பயமில்லையோ?" என்று அக்கா கேட்டார்.

அதுதான் கேள்வி. ரோசா நிறப் பொருக்குகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கொப்பு பட்ட பிறகு வருவது. செத்தவீட்டுக்கு வருகிற சனத்தைப்போல, வந்திருந்து தின்றுவிட்டுப் போய்விடும், அதில் குற்றமில்லை. மற்றது உயிர்ப் பட்டைக்குள் புகுந்து கொப்பைக் கொல்வது. காய்ந்த கொப்பில் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. முதலாவது என்றால் கொப்பு வேறு ஏதோ காரணத்தால் பட்டது, மரத்துக்கு ஆபத்தில்லை. இரண்டாவது என்றால் வெட்டி எரிக்க வேண்டும், அதுவும் உடனே.

"பேரைக் கண்டுபிடிச்சிட்டுச் சொல்லுறன். அதுக்குள்ளை பட்ட கொப்பை வெட்டினா எரிச்சுப்போடுங்கோ" என்றேன்.

பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியை வெளியில் எடுத்தால், அதன் வில்லைக்குள்ளேயே பூஞ்சணம் படர்ந்து கிடந்தது. பங்கசு பார்க்க வைத்த கண்ணாடியைப் பங்கசு தின்றிருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு மூலை மட்டும் தெளிவாக இருந்தது. பொருக்கைச் சவரத் தகட்டால் மெல்லியதாகச் சீவி, அந்த மூலைக்குள் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். செத்ததில் வாழும் அந்தச் சாதிக்கு, வித்திகளுக்கு நடுவே ஈட்டிமுனைபோலத் தடித்த கலங்கள் நிற்கும். அவற்றைத் தேடினேன். திரும்பத் திரும்பச் சீவிப் பார்த்தும் காணவில்லை. கொல்கிற சாதிதான் என்று மனம் சொன்னது. ஆனால் பழுதான கண்ணாடியில் காணவில்லை என்பது, அது இல்லை என்பதற்கு என்ன சாட்சி?

விவசாயப் படிப்புப் படித்த ஓர் உத்தியோகத்தருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். நல்ல மனிதர், உடனேயே போனில் திருப்பி எடுத்தார்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுறது ஈரவலய நோய். றப்பர்த் தோட்டத்திலை வாறது. எங்கடை வறண்ட வன்னிக்கு அது வராது. இது பட்ட கொப்பிலை சும்மா வாற பூஞ்சணம்."

புத்தகமும் அதைத்தான் சொன்னது. ஆனால் புத்தகம் எழுதியவர் அந்த வருடத்து மாரியைப் பார்க்கவில்லை. வெயில் என்ற ஒன்றை மறந்துபோகிற அளவுக்கு அது பெய்தது. வன்னி வறண்ட பூமி என்று பங்கசுக்கு யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

தெரிந்த ஒருவர் மூலம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குத் துண்டு அனுப்ப ஏற்பாடாயிற்று. உயிரும் சாவும் சந்திக்கிற இடத்தில் வெட்டுங்கோ, பச்சைப் பட்டையும் பட்ட பட்டையும் ஒரே துண்டில் இருக்க வேணும் என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். பொருக்கு பச்சைப் பட்டைக்குள் போகிறதா, எல்லையில் நின்றுவிடுகிறதா என்று அதில்தான் தெரியும். அக்காவுக்கு அதை அப்படியே சொன்னேன். அவர் வெட்டி அனுப்பியதெல்லாம் காய்ந்து முறிந்த துண்டு.

"பச்சைக் கொப்பை எப்பிடியடி வெட்டுறது? பூவும் பிஞ்சுமா நிக்குது."

காய்ந்த துண்டு பார்சலில் போய்ச் சேர்வதற்குள் ரோசா நிறம் வெளுத்து, வெடித்து, எந்த விறகிலும் இருக்கிற வெள்ளைப் பொருக்காகிவிட்டது. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வேறு துண்டு அனுப்புங்கோ என்று பதில் வந்தது. அதற்குள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. மறுபடி போகத் தைப்பொங்கல் ஆகிவிட்டது.

படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வேலிதான். முட்கம்பிக்கு இடையில் அலம்பல் என்கிற முள்ளுக் கொப்புகளைச் செருகிய எங்கள் பக்கத்து வேலி. அதில் புது அலம்பல். எல்லாம் தேசிக் கொப்பு. பட்ட கொப்புகளை வெட்டி, கையில் முள் குத்தக் குத்த, காணியைச் சுற்றி அக்கா அடைத்திருந்தார். மழையில் நனைந்து அந்த வேலி முழுதும் ரோசா நிறமாக இருந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் காற்று அந்த வேலியைத் தாண்டி, வித்திகளை அள்ளிக்கொண்டுதான் மரத்துக்கு வர வேண்டும்.

நான் கத்தினேன். பொங்கல் நாளென்றும் பார்க்கவில்லை.

"வெட்டினதை எரியுங்கோ எண்டெல்லே சொன்னனான்!"

"முள்ளை ஆராவது எரிப்பினமோ? கட்டாக்காலி மாடு உள்ளுக்கை வந்தா நீயோ வந்து காவல் நிப்பாய்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஊரில் முள்ளை எரிக்கிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஓலை அடுப்புக்கு, தடி பந்தலுக்கு, முள் வேலிக்கு. தேசி முள்ளைவிட நல்ல அலம்பல் கிடையாது, மாடு மூக்கையும் வைக்காது. வேலியே பயிரை மேய்ந்த கதையை எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நானே கத்தியை எடுத்து, பூவோடு நின்ற பச்சைக் கொப்பை, பொருக்கின் விளிம்பு நடுவில் வர, வெட்டினேன். அக்கா குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். ஈரக் கடதாசியில் சுற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் போனுக்கு வந்தது. கொல்கிற சாதிதான். நீளமான இலத்தீன் பெயர் ஒன்றும், இந்தப் பங்கசுவைப் பாகுபடுத்தியவர்கள் இதுவரை எத்தனையோ தரம் பேரினம் மாற்றியிருக்கிறார்கள் என்ற குறிப்பும் கூடவே வந்தது. ஒரு பேரினத்திலிருந்து தூக்கி இன்னொன்றில் போட்டு, அங்கிருந்தும் கிளப்பி... எங்களைவிடக் கூட இடம்பெயர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரை அக்காவுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன?

அப்போது பொருக்கு தண்டுவரை இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் தறிக்கத்தான் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். வேலியையும் பிரிக்கச் சொன்னேன். நெருப்பு வைத்தபோது பச்சைத் தேசி இலைகளின் வாசம் அயல் முழுக்கப் போனது. யார் வீட்டில் இரசம் என்று ஒழுங்கை வழியே போனவர் விசாரித்தார். அக்கா வெறுங்காணியைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பட்ட காலிலேயே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்மேல் அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அடுத்த மாரியின் முதல் மழையோடு அக்கா புதுத் தேசிக் கன்றுகள் வாங்கினார். நட வா என்று கூப்பிட்டார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதை நம்பித்தான் போனேன்.

குழிகள் வெட்டியாயிற்று. அடிக்குப் போடக் காய்ந்த இலை பொறுக்கலாம் என்று காணியின் பின் எல்லைக்குப் போனேன். எல்லைக்கு அப்பால் காடு. அங்கே ஒரு காட்டு விளா. அதுவும் தேசியின் குடும்பம்தான். அதன் தாழ்ந்த கொப்பொன்று பட்டுக் கிடந்தது. இலை காய்ந்து, உதிராமல். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கைவில்லை தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கும் அப்பால், எட்டிப் பார்த்த மட்டும், ஈரத்தில் ரோசா நிறம் தெரிந்தது. பழைய பொருக்கும் இருந்தது, வெளுத்து வெடித்தபடி. தேசிக்கு வருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்க வேண்டும். காட்டு மரத்தில் கத்தி வைக்க எங்களுக்கு உரிமையில்லை, வைத்தாலும் காட்டை யார் தறித்து முடிப்பது? நாங்கள் எரித்ததெல்லாம் வீண். இனி நடுவதும் வீண்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு திரும்பிப் போய், குழிக்குள் கன்றை வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்த அக்காவுக்கு முன்னால் நின்று சொன்னேன்.

"அக்கா, பின்னாலை விளாவிலை அது கிடக்கு."

அவர் நிமிரவில்லை. கன்றைச் சுற்றி மண்ணைக் கையால் அமத்தினார்.

"ஓம், கண்டனான்."

"எப்ப?"

"கன்று வாங்க முந்தியே."

"பிறகேன் வாங்கினனீங்கள்? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"சொன்னா, இதுகளையும் வெட்டச் சொல்லுவாய்."

அவர் சொன்னது சரி. வெட்டத்தான் சொல்லியிருப்பேன்.