பாங்கொக்கில் ஆறு கிழமை

2003ஆம் ஆண்டு ஜெர்மனியின் வுப்பர்டாலில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் பலரும் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்தார்கள். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்த நேரம். றெஜினோல்ட் மட்டும் பாங்கொக்குக்கு எடுத்தார்.

அவர் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். அதிகம் பேசமாட்டார். தொடர்ந்தாற்போல் நீண்ட விடுமுறை எடுத்ததே இல்லை. அதனால் மனைவி றீற்றா முதலில் பகிடி என்றே நினைத்தார்.

“ஆறு கிழமை உர்லாப் கேட்டனான், ஒண்டரை மாத லீவு. தந்திட்டினம்.”

“ஊருக்குப் போகாமல் அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“முருகேசன்.”

றீற்றாவுக்கு அந்தப் பெயர் தெரியும். ஜெர்மனிக்கு வருமுன், எண்பதுகளில், றெஜினோல்ட் பாங்கொக்கில் இரண்டு வருடம் அகப்பட்டுக் கிடந்தவர். ஐரோப்பாவுக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஒருநாள் காணாமல் போய்விட்டான். கையில் விசாவும் இல்லை. அவரும் முருகேசனும் சந்தையில் ஐஸ் கட்டி சுமந்தார்கள். பொலிசிடம் மாட்டாமல் இருக்கத் தாய்லாந்து மொழி பழகினார்கள். வெள்ளிக்கிழமைகளில் சீலோம் வீதி மாரியம்மன் கோயிலில் சோறு கிடைக்கும். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரான றெஜினோல்டும் திருநீறு பூசிக்கொண்டு வரிசையில் நிற்பார். கடைசியில் வேறொரு ஏஜென்சிக்காரன் ஒரேயொரு கடவுச்சீட்டோடு வந்தான். அதிலிருந்த படம் றெஜினோல்டின் முகத்தோடுதான் ஒத்துப்போனது. அவர் மொஸ்கோ போய், அங்கிருந்து கிழக்கு பெர்லினுக்கு வந்து சேர்ந்தார். முருகேசன் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு தொடர்பும் விட்டுப்போயிற்று.

“அவன் என்ன பாடுபடுறானோ தெரியாது,” என்று றெஜினோல்ட் அவ்வப்போது சொல்வார். இந்த முறை அவனை ஜெர்மனிக்குக் கூப்பிட வழி உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய் விசாரித்தும் வைத்திருந்தார். வழி இலகுவானதல்ல என்றாலும் முயன்று பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

பாங்கொக் விமான நிலைய வரிசையில் றெஜினோல்ட் பின்னால் நின்ற இருவரை முன்னே விட்டார். பழைய பெயர், பழைய குற்றம் எல்லாம் கம்பியூட்டரில் கிடக்குமோ என்ற பயம். அதிகாரி ஜெர்மன் கடவுச்சீட்டைப் புரட்டி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முன்பு இருவரும் தங்கியிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் இப்போது கார் நிறுத்தும் கட்டடம் இருந்தது. அவர் நேரே கோயிலுக்குப் போனார். வாசலில் பூமாலை விற்ற பெண்ணிடம், வாயில் மிச்சமிருந்த தாய்லாந்துச் சொற்களைக் கூட்டி விசாரித்தார்.

“ஏசி திருத்துகிற முருகேசனா?” என்றாள் அவள். “வெள்ளிக்கிழமை வருவார்.”

வெள்ளிக்கிழமை, மோட்டார் சைக்கிளில் ஒரு தடித்த மனிதர் வந்து இறங்கினார். றெஜினோல்ட் கிட்டப் போய்ப் பெயரைச் சொன்னதும் தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து கட்டிப்பிடித்தார்.

“டேய் றெஜி! உயிரோடை இருக்கிறியோ!”

ஆற்றுக்கு அப்பால் முருகேசனுக்குச் சின்ன வீடு, மாலி என்ற தாய்லாந்து மனைவி, ஒரு மகள். வீட்டில் தமிழ் பேச ஆளில்லாததால் அவர் சொற்களைத் தேடித்தேடிப் பேசினார். சாப்பிட்டு முடிந்ததும் றெஜினோல்ட் தான் வந்த விஷயத்தைச் சொன்னார். முருகேசன் அதை மனைவிக்கு மொழிபெயர்த்தார்.

“அங்கே போய் நாங்கள் என்ன செய்வது?” என்று மாலி கேட்டது றெஜினோல்டுக்கே விளங்கியது.

“நீ அங்கை என்னடா வேலை செய்யிறாய்?” என்றார் முருகேசன்.

“ஆஸ்பத்திரியிலை உடுப்புத் தோய்க்கிற வேலை. விடியமுன்னம் போகவேணும்.”

“பனிக்குள்ளையோ?”

“ஓம்.”

“இவ்வளவு காலமுமோ?” முருகேசன் தலையை ஆட்டினார். “பாவமடா நீ. உனக்கு ஏலாட்டி இஞ்சை வந்திடு. வேலை நான் தாறன்.”

றெஜினோல்டுக்கு முதலில் கோபம் வந்தது. தான் சொல்ல வந்ததை அவன் தனக்கே சொல்கிறானே! அடுத்த நாள், சும்மா இருக்க முடியாமல், முருகேசனோடு ஏசி திருத்தப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பொலிசைக் கண்டு ஒதுங்கி நடந்த தெருக்களில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போவது அவருக்குப் பிடித்திருந்தது. ஹோட்டல் அறையை விட்டுவிட்டு முருகேசன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஆறு கிழமையும் முடிந்து திரும்பியபோது டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு றீற்றா வந்திருந்தார்.

“என்ன சொன்னவர்?”

“வரமாட்டன் எண்டிட்டான்.”

“எப்ப சொன்னவர்?”

“முதல் வெள்ளிக்கிழமை.”

“பிறகேன் இவ்வளவு நாளும் நிண்டனீங்கள்?”

“நல்லாயிருந்தது,” என்றார் றெஜினோல்ட்.

றீற்றா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னார். முதல் தடவை வெக்கையும் நுளம்புக்கடியும் பிடிக்காமல் சினந்துகொண்டே திரும்பினார். ஆனாலும் மறுவருடமும் போனார்.

2008இல் முதுகுவலி முற்றி றெஜினோல்ட் வேலையை விட்டார். அதிலிருந்து, ஜெர்மனியில் பனி கொட்டும் மாரிகாலம் முழுவதும் அவர் பாங்கொக்கில்தான். கிண்டர்கார்டன் சமையலறையில் வேலை செய்யும் றீற்றாவுக்கு மூன்று கிழமைதான் லீவு கிடைக்கும். அவருக்கும் மாலிக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. காலையில் இருவரும் சந்தைக்குப் போனால் மத்தியானம் கழித்துத்தான் வருவார்கள். அதுவரை ஆண்கள் இருவரும் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான்.