ஸ்பெயின் சிஸ்டர் திறந்து பார்த்த பானை

"...பொடவை எடுக்கத் திருச்சிக்கே போயிட்டாளாம், இலுப்பூர்ல இல்லாத பொடவையா? அத விடுங்கக்கா, இந்தப் போன் என்ன சொல்லுதுன்னு கேளுங்க!"

பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறோம். உள்ளே என் பேத்தி, ஸ்பெயினுக்கு நர்ஸ் வேலைக்குப் போகவேண்டி, போனில் அந்த ஊர்ப் பேச்சைப் படிக்கிறாள். போன் "கோமேர்" என்றது. "சாப்புடுறது!" என்று இங்கிருந்தே கத்தினேன்.

பேத்தி ஓடி வந்தாள். "அப்பத்தா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாமல், கீரனூருக்குப் போக வேண்டியவள் இலுப்பூரில் போய் இறங்கியிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு வருவது இந்த ஒன்றுதான். ஆனால் இன்று உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறேன் என்றால் அதனால்தான்.

ஆவூர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில், கல்யாணமான புதிதில் சமையலுக்கு இருந்தேன். அங்கே டெட்டால் வாடையும் பூண்டு வாடையும் சேர்ந்தே வரும். பூண்டு, ஸ்பெயினிலிருந்து வந்த சிஸ்டரின் கைங்கரியம். முட்டையைக்கூடப் பூண்டு தட்டிப் போட்டுத்தான் பொரிப்பார். தமிழ் வந்துவிட்டது, நம் வழக்கம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. தெருவில் யாராவது "சாப்டாச்சா சிஸ்டர்?" என்றால் நின்று யோசிப்பார். "காலையில ரெண்டு இட்லி. இப்ப பசிக்கிது" என்பார். கேட்டவர்கள் பாவம், கூப்பிட்டு இலை போடுவார்கள். ஒருநாள் மூன்று வீட்டில் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சும்மா பேச்சுக்குக் கேக்குறது சிஸ்டர். ஆச்சுன்னுட்டுப் போயிடணும்" என்று விளக்கினேன். எனக்கென்னவோ பெரிய வாத்தியார் என்று நினைப்பு.

"எங்க ஊர்ல தெரிஞ்சுக்கத்தான் கேப்போம்" என்றார்.

அப்புறம் என் முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. ஊரே வந்து "சாப்டியாத்தா?" என்றது. "ஆச்சு" என்றேன். நிம்மதியாகப் போனார்கள். அவர்கள் மேல் குறையில்லை, நானும் அப்படித்தானே கேட்டிருப்பேன். மாமியார் சோறு வடித்து வைத்துவிட்டுக் களை எடுக்கப் போவார். அவர் திரும்புவதற்குள் ஆட்டுக்குக் கொட்டிவிடுவேன். நாளுக்கு நாள் நான் மெலிந்தேன், ஆடு கொழுத்தது.

ஒரு மத்தியானம் சிஸ்டர் வந்தார்.

"சாப்டியா?"

"ஆச்சு சிஸ்டர்."

அவர் கிளம்பவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தார். அகப்பை படாத சோறு.

"ஆகல" என்றார். கோபமே இல்லை. கேட்டதற்குப் பதில் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். ரசம் ஊற்றிப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து, "கோமே" என்று வாய்க்கு நேரே நீட்டினார். மனசு கலங்கினால் அவருக்குத் தமிழ் ஓடிவிடும். கோமே, கோமே. இடதுகையால் ஊட்டினார் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நான் எழுந்து வேலைக்குப் போகும்வரை மத்தியானம் தவறாமல் வந்தார். அதற்குப் பிறகு பிறந்தவன்தான் இந்தப் பேத்தியின் அப்பன்.

சிஸ்டர் வயசாகித் தன் ஊருக்கே போய் அங்கேயே அடக்கமாகிவிட்டார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம், பூண்டு வாடை போய்ப் பிரியாணி வாடை. துபாயிலிருந்து மகன் தினமும் வீடியோவில் "சாப்டியாம்மா?" என்கிறான். தங்கமான பிள்ளை. "ஆச்சுப்பா" என்கிறேன். அதில் என் முகம் தெரியும், பானை தெரியாது. பேத்தியும் அடுத்த மாசம் கிளம்பிவிடுவாள்.

"இருங்கக்கா, நீங்க வந்ததும் சாப்டாச்சான்னு கேட்டேன். ஆச்சுன்னீங்க. ஒங்க மகன் குடும்பம் ஊருக்குப் போனதுலேருந்து அங்கிட்டு ஒரு குக்கர் விசில்கூட என் காதுல விழலயே! கீரையத் தள்ளி வைங்க. தட்டு எடுத்துட்டு வாரேன்."