சாமி தலையில் கட்டிய கிடா

போன வாரம் என் மகன் பைக்கில் ஒரு கிடாவை அடித்துக் கொன்றுவிட்டான்.

வேண்டுமென்று இல்லை. பெரம்பலூரில் கோச்சிங் கிளாஸ் முடிந்து குரும்பலூருக்குத் திரும்புகிறான்... மக்காச்சோளக் கொல்லைக்குள்ளிருந்து குறுக்கே பாய்ந்திருக்கிறது. சுற்றிலும் ஆள் இல்லை. இருபத்திரண்டு வயசுப் பயல், பயந்துபோய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்தவன் நேராகத் தாத்தாவிடம் போனான். போகாமல்? என் மாமனார் ரிட்டயர்டு வாத்தியார். காதுகுத்தோ கல்யாணமோ, மைக் கிடைத்தால் போதும், நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். பந்தியில் சாம்பார் ஆறிப்போகும். "இந்தக் காலத்துப் புள்ளைங்க கெட்டுப்போவுதுன்னா, வூட்டுல பெரியவங்க இல்லாததுதான் காரணம்" என்று முடிப்பார். கை தட்டுவார்கள்.

அந்தப் பெரியவர் பேரனிடம் கேட்ட முதல் கேள்வி — "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல தாத்தா."

"அப்பறம் என்ன? போய்க் குளி."

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "ஆடு யாருதுன்னு விசாரிச்சு சொல்லிடணும் மாமா."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு வேலைக்குப் போவப்போற பய. போலீஸு, கேஸுன்னு ஆவணுமா?"

விசாரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மதியச் சோறு வடிக்கும்போது ராசாத்தி அழுதுகொண்டே வந்து வாசலில் நின்றாள். எங்கள் தெருக்கோடியில் இருப்பவள்.

"வாத்தியாரய்யா... கருப்பனுக்கு நேந்துவுட்ட கிடாங்க. பெருசா காயமே இல்ல. கொல்லையோரம் செத்துக் கெடக்கு. எம்பொண்ணு நெறமாசமா இருக்கா. இன்னிக்கு ஆஸ்பத்திரியில சேக்கச் சொன்னாங்க. சாமியே கிடாவ வேணாம்னுடுச்சு, இப்பக் கூட்டிட்டுப் போவாதன்னு அவ மாமியாக்காரி மறிக்கிறா. நான் என்னங்கய்யா பண்ணட்டும்?"

பிரசவத்துக்கு வேண்டிக்கொண்ட கிடா! அது செத்தால் எங்கள் பக்கம் வேறு அர்த்தமே கிடையாது — சாமிக்குக் கோபம். அவ்வளவுதான்.

இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார்.

"ஏதோ தெய்வக் குத்தம் இருக்கும் ராசாத்தி. கோயில்ல வெளக்குப் போடு. அந்தம்மா சொல்றதும் சரிதான், ரெண்டு நாள் பொறுத்துப் போ."

கேட்டீர்களா? பேரனைக் காப்பாற்ற, கொலைப்பழியைக் கருப்பசாமி தலையில் கட்டிவிட்டார். கருப்பசாமி மறுத்தா பேசப்போகிறார்?

கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். "மாமா, நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்..." என்று ஆரம்பிப்பதற்குள் மகன் தலை துவட்டிய துண்டோடு வெளியே வந்தான். தாத்தாவை ஒரு பார்வை பார்த்தான். எந்தப் பேரனும் தாத்தாவை அப்படிப் பார்க்க வேண்டிவரக் கூடாது.

"அத்த, சாமி இல்ல. நான்தான். பைக்குல அடிச்சுட்டேன்."

ராசாத்தியிடமிருந்து பளார் என்று ஒன்று விழுந்தது. நான் தடுக்கவில்லை.

"எடுபட்ட பயலே! எம்புள்ளைக்கு வலி வந்தா என்ன ஆவுமோன்னு ஈரக்கொலை நடுங்கிக் கெடக்கேன், நீ குளிச்சு முழுவிட்டு வரியா?"

அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப... கருப்பனுக்கு எம்மேல கோவம் இல்லல்ல?"

"இல்ல அத்த. பிரேக்குதான் புடிக்கல."

அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். என் மகனையே ஆட்டோ பிடிக்க ஓடவைத்தாள். அவனே அந்த மாமியார்க்காரியிடமும் போய்ச் சொல்லி, இன்னொரு வசவையும் வாங்கிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. புதுக் கிடா வாங்கித் தருவது அவன் பொறுப்பு.

தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் ஒழுக்கம் கற்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்குக் காது மட்டுமா இருக்கிறது? கண்ணும் இருக்கிறதே... அது பார்க்கிற சமயத்தில் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஜெயங்கொண்டத்திலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "அடி வாங்கினாலும் பரவால்லன்னு உண்மையச் சொன்னாம்மா எம்பேரன். யாரப் பாத்து வளந்தவன்?"

"உங்களப் பாத்துத்தான் மாமா திருந்துனான்" என்றேன்.

பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டார்.