பாலத்தில் அடித்த மணி

பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்தபோது சைக்கிள் வாங்கினேன். ஊரில் அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் எல்லோருக்கும் முழங்காலில் தழும்பு உண்டு. வண்டிக்காரர்கள் நடுச்சாலையில் தூங்கிக்கொண்டே போவார்கள். ஒதுங்கப் போய் நாங்கள் சல்லிக்கல்லில் விழுவோம். பொறுக்க முடியாமல் முனிசிபாலிட்டிக்கு மனுக் கொடுத்தோம். தண்டோரா போட்டார்கள்: வண்டிகள் இடது ஓரமாகப் போக வேண்டும், சைக்கிள்காரர்கள் முந்தும்போது மணி அடிக்க வேண்டும், மீறினால் அபராதம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த மாதமே ஒரு சாயங்காலம், டவுனிலிருந்து திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு கூண்டு வண்டி. இடது ஓரமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விதிப்படி மணி அடித்தேன். மாடுகள் காதை விடைத்தன. மறுபடி அடித்தேன். பாய்ந்துவிட்டன.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாலத்தில் நடந்து வருகிறவர்களை எச்சரிக்க வேண்டுமே என்று விடாமல் மணியடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வண்டி பாலத்தின் வலது பக்கம் ஏறியது. கூண்டுக்குள் ஒரு பெண் அலறினாள்.

“மணிய நிப்பாட்டும் வே,” என்று வண்டிக்காரன் கத்தினான். “பந்தயத்துல ஓடின மாடு. பின்னால மணி கேட்டா வேற வண்டி முந்த வருதுன்னு ஓடும்.”

மணியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு கீழே குதித்தேன். எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் எழுந்து நின்று, உடம்பையெல்லாம் கொடுத்துக் கயிற்றை இழுத்தான். சக்கரம் கைப்பிடிச் சுவரில் உரசிக் காரை உதிர்ந்தது. வண்டி நின்றது. சுவருக்குக் கீழே ஐப்பசி வெள்ளம் செக்கச்செவேலென்று போனது.

உள்ளே கிடந்தவள் அவன் மனைவி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று முக்கூடல் மருத்துவச்சி கைவிரித்துவிட, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவள் உதட்டைக் கடித்திருந்த இடத்தில் ரத்தம்.

அதற்குள் பாலத்து முனையில் நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

“ஏலே, வலது பக்கம் ஏறியிருக்க. ஸ்டேஷனுக்கு ஓட்டு வண்டிய.”

“ஐயா, பொம்பள செத்துருவா,” என்று வண்டிக்காரன் கும்பிட்டான்.

“சட்டம்னா சட்டம்தான். இவரு மணி அடிச்சிருந்தா தப்பு ஒம்மேலதாம்லே.” என் பக்கம் திரும்பினார். “என்ன சார்வாள், அடிச்சீரா?”

உண்மையைச் சொன்னால் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். பொய் சொன்ன பையன்களைப் பிரம்பால் அடிக்கிறவன் நான்.

“அடிக்கல,” என்றேன். “சத்தம் காட்டாம பக்கத்துல போயிட்டேன். மாடு மிரண்டுட்டு.”

“மணிச் சத்தம் கேட்டுதே?”

“அது மாட்டுச் சலங்கை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டிக்காரன் வாயைத் திறந்தான். அவன் உளறிவிடக் கூடாதே என்று, “போப்பா, போ,” என்று விரட்டினேன். சலங்கைச் சத்தம் ஆஸ்பத்திரிப் பக்கம் தேய்ந்து மறையும் வரை அங்கேயே நின்றேன். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போலீஸ்காரரோடு நடந்தேன்.

அபராதம் கட்டினேன். ஊர் சிரித்தது. சில நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் வண்டிக்காரன் வந்து நின்றான்.

“டாக்டரம்மா பிள்ளையத் திருப்பி எடுத்துட்டாவ. பொட்டப்பிள்ள. ரெண்டு உசிரும் தங்கிட்டு, சார்வாள்.”

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் அடுத்த தண்டோரா வரைக்கும்தான். ஒரு வாத்தியார் மணியடிக்காமல் வந்து பாலத்தில் வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தபடியால், இனிமேல் சைக்கிள்காரர்கள் பாலம் முழுக்க விடாமல் மணி அடித்துக்கொண்டே போக வேண்டுமாம். மறுத்து மனுக் கொடுக்கலாம். கொடுத்தால் என் பொய் வெளியே வரும். வழக்கு வண்டிக்காரன் மேல் திரும்பும்.

அன்று முதல் பாலம் வந்தால் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவேன். எதிரே அவன் வண்டி வந்தால், அவன் குதித்திறங்கி இரண்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

“ஏறி மணியடிச்சிக்கிட்டே போவும் சார்வாள். நான் பிடிச்சிருக்கேன்லா.”

மணியைக் கையால் மூடிக்கொண்டு நடந்தே அவனைக் கடந்து போவேன்.