பெயின்ட் கடைக்காரன் வீட்டுச் சேவல்

கோழி இல்லை, சேவல். முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒருத்தி பெயரைக் கெடுப்பது என்று இறங்கிவிட்டால் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? "தகரக் கோழிக்காகப் புருஷனை விட்டுப் போனவள்" என்று ரொட்டிக்கடை வரிசையில் நின்று என் மருமகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது தகரமும் இல்லை, செம்பு. அவள் போனது அதற்காகவும் இல்லை.

நான் மாமியார். மருமகளைத் தூற்றுகிற வேலை முறைப்படி எனக்குத்தான் வர வேண்டும். நானே அதை எடுத்துக்கொள்ளாதபோது இந்தத் தெருவுக்கு என்ன ஓவர்டைம்?

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒலிபெருக்கி என்று பெயர். வைத்தது நான்தான். நேற்று என் எதிரில் நின்றே கேட்டாள்.

"ஏம் பெரியம்மா, உங்க மருமகளுக்குப் புத்தி பிசகிடுச்சாமே?"

"பிசகறதுக்கு முதல்ல அது இருக்கணும்மா. உனக்கு அந்தக் கவலையே இல்ல, போ."

போய்விட்டாள். பேச்சு போகவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவள் தார்ப்பாய் தைப்பவள். லாரிச் சரக்கின் மேல் போர்த்துகிற பாய், கிடங்கு வாசலில் தொங்குகிற பாய், கூரை பிரித்த வீட்டை மழைக்கு மூடுகிற பாய். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியை அந்தப் பட்டையால் தள்ளித் தள்ளி ஓரம் தைப்பாள். பின்னறையில் அவள் மிஷினை மிதித்தால் சமையலறையில் தட்டுகள் ஆடும். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை, அதைச் சொல்ல வந்தேன்.

கூரை பிரிக்கிற வீடுகளுக்குப் பாய் கட்டப் போனபோதுதான் அவளுக்கு இந்தப் பழக்கம் வந்தது. பழைய கட்டிடங்களின் உச்சியில் காற்றுக்காட்டி என்று ஒன்று இருக்கும். ஒரு கம்பி, அதன் மேல் தகட்டில் வெட்டிய சேவலோ குதிரையோ மீனோ. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கூரை பிரிக்கிறவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பையோடு எறிவார்கள். இவள், "அண்ணே, அதை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்று கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். சேவலை மட்டும் யாரும் இறக்கித் தரவில்லை. ஒரு குதிரை லாயத்தின் உச்சியில் இருந்தது அது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தானே ஏறிக் கழற்றினாள். அதற்கும் இந்தத் தெரு பேசியது. நாற்காலி மேல் ஏறப் பயப்படுகிறவர்கள் எல்லாம் பேசினார்கள்.

கொண்டுவந்தவற்றைச் சாப்பாட்டு அறையின் நீளச் சுவரில் வைத்தாள். வெறுமனே ஆணியில் மாட்டிவிட மாட்டாள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி மரத்தாங்கி, அதில் கம்பி, கம்பியில் பொம்மை. விரல் பட்டால் சுற்ற வேண்டும். இல்லையென்றால் இறக்கி எண்ணெய் விட்டு மறுபடி வைப்பாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழும்போது குதிரையின் நிழல் அந்தச் சுவரில் பெரிதாக ஓடும். மேஜை விசிறியைப் போட்டால் மீன் அதைப் பார்த்துத் திரும்பும். விசிறியை இடம் மாற்றினால் மீனும் மாறும். எங்கள் வீட்டில் சொன்ன பேச்சு கேட்கிற ஒரே ஜீவன்.

சேவல் உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. இறக்கையில் ஒரு ஓட்டை. எவனோ துப்பாக்கி சுடப் பழகியிருக்கிறான்.

"சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ அத்தே, வேணாம். எத்தனை வருஷத்து மழை இந்தப் பச்சை! போச்சுன்னா நம்ம ஆயுசுல திரும்ப வராது."

"அப்ப என் நரை மாதிரின்னு சொல்லு."

"உங்க நரையவிட இதுக்கு மவுசு ஜாஸ்தி, அத்தே."

கையை ஓங்குவேன். சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள்.

இனி என் மகன். அவனுக்குப் பெயின்ட் கடை. எதிர்க்கடையில் முடிவெட்டுகிறவர் ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் நடுவில் கேட்டாராம்: "ஊருக்கெல்லாம் துருவுக்கு மருந்து விக்கிறீங்க, உங்க வீட்டுச் சேவலுக்கு மட்டும் சொறி பிடிச்சிருக்காமே?" கொத்தனார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அவர் காதுக்குச் சேவல் எப்படிப் போனது? ஒலிபெருக்கி இருக்கிற தெருவில் அது ஒரு கேள்வியா? அன்றிலிருந்து என் மகன் சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவான்.

"அதையெல்லாம் எடுத்துடு. இல்லன்னா ஒரு கோட் அடிச்சுடறேன்."

"வேணாங்க. இந்த வீட்ல எல்லாச் சுவரும் நீங்க சொன்ன கலரு, நீங்க சொன்ன படம். இந்த ஒரு சுவர்ல மட்டும் கை வைக்காதீங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு சுவர்.

மழைக்காலத்துக்கு முன்னால் தூரத்தில் ஒரு தானியக் கிடங்குக்குப் பாய் தைக்கப் போனாள். அவள் ஏறின பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, என் மகன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டான்.

"டேய், அவ வரட்டும்டா!"

"அவ வர்றதுக்குள்ள பளபளன்னு ஆக்கிடறேம்மா. பாத்தா சந்தோஷப்படுவா."

சந்தோஷப்பட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பெற்றவள் சொல்கிறேன். நான் ஏணியைப் பிடித்து ஆட்டினேன். அவன் மீனைக் கழற்றிக்கொண்டே, "விடுங்கம்மா, விழுந்துடுவேன்" என்றான்.

"விழு" என்றேன்.

விழவில்லை. எல்லாவற்றையும் வாசலில் போட்டு, கம்பி பிரஷ் மாட்டிய மிஷினால் தேய்த்தான். பச்சைப் பொடி பறந்து வாசலில் கிடந்த செருப்புகள் மேலெல்லாம் படிந்தது. துப்பாக்கி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தான். தெருவே கூடி நின்று பார்த்தது. "இப்பத்தான் அதுக்கு லட்சணம் வருது" என்றாள் ஒலிபெருக்கி. முடிவெட்டுகிறவர் கை தட்டினார். இன்றைக்கு நியாயம் பேசுகிற அத்தனை பேரும் அன்றைக்கு அங்கே நின்றீர்கள். இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதோடு விட்டானா? கடை முகப்பில் கொண்டுபோய்த் தொங்கவிட்டான். சேவல் ஆரஞ்சு, குதிரை ஊதா, மீன் ரோஜா நிறம். மேலே ஒரு பலகை. எனக்கு எழுத்து தெரியாது. பழசும் புதுசாகும் என்று எழுதியிருக்கிறதாம். நான் தினமும் போய்க் கடை வாசலில் ஒரு டப்பா மேல் உட்கார்ந்து, இறக்குடா இறக்குடா என்று கத்தி, வந்த வாடிக்கையைத் துரத்தினேன். அவன் இறக்கவில்லை.

அப்படி நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். எட்டிச் சேவலை விரலால் தள்ளினாள். அசையவில்லை. பெயின்ட் கம்பியோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"சுத்தல" என்றாள்.

"சுத்தினா வர்றவன் தலையில இடிக்கும். பாரு, இப்பத்தான் மனுஷன் பாக்கற மாதிரி இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல அடி என்று நினைத்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேலைக்குப் போன இடத்தில், இந்தக் கூரை பாயைத் தாங்காது, கட்டிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தால் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போடுவாளே, அப்போது இப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "பெயின்டைச் சுரண்டிப் பாக்கலாம்மா."

"சுரண்டினா வெறும் செம்புதான் வரும், அத்தே. அதை அவரே வச்சுக்கட்டும்."

துணிமணி, தோல்பட்டை, ஊசிப்பெட்டி எல்லாம் கட்டி வைத்துவிட்டு, சரக்கு வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். வண்டி வந்தது. பின்னாலேயே என் மகனும் வந்தான். அந்த வண்டிக்காரர் அவன் கடைக்கும் சரக்கு ஏற்றுகிறவர். இவன் ஒரு பார்வை பார்த்தான், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல் மிஷின் கன்றுக்குட்டிக் கனம், ஒருத்தியால் ஆகாது. அது தெரிந்துதான் கையைக் கட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றான்.

"ஒரு பொம்மைக்காகவா போற?"

"பொம்மைக்காகன்னா உக்காந்து சுரண்டிக்கிட்டு இருந்திருப்பேன். எதுக்குக் கேக்கணும்னு கேட்டீங்களே, அதுக்காக."

"கோபம் தீந்தா தானா வருவ."

"கோபம் இல்லங்க. வழி விடுங்க."

அவன் விடவில்லை. அவள் மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். நான் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"அம்மா, நீங்க யார் பக்கம்?"

"கனமா இருக்கற பக்கம். நகருடா!"

நகர்ந்தான். இரண்டு பேரும் வைத்து வைத்துத் தூக்கி, படி இறக்கி, வண்டியில் ஏற்றினோம். தெரு முழுக்க வாசலில் நின்றது. ஒரு கை நீளவில்லை. ஒலிபெருக்கி மட்டும் வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவள் என் கையைப் பிடித்துப் புரட்டி, இரும்பு பதிந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"மூட்டுத் தைலம் அலமாரி கீழ்த்தட்டுல இருக்கு, அத்தே. மேல உங்களுக்கு எட்டாது."

"எனக்குத் தெரியும், ஏறு."

ஏறினாள். முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே உட்காரவில்லை. பின்னால், மிஷினைச் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மடித்த தார்ப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டாள். வண்டியின் பக்கப்பலகையைத் தட்டி, "போலாம்ணே" என்று சொன்ன குரல் எப்போதும் வேலைக்குக் கிளம்புகிற குரல்தான். வண்டி போய்விட்டது.